திட்டாமல் கார் சொல்லித் தரப்படும்

திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டு முன்னறையில் நின்றபடி ஜெனிலா மஸ்கட்டுக்குப் போன் போட்டாள். அவள் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரிக்கு. இனி வேலைக்குத் திரும்பப் போவதில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வைத்தாள். அடுத்த நொடி என் மனைவி பியூலா, “ஏட்டி!” என்று கத்தித் தங்கையைக் கட்டிக்கொண்டாள்.

நல்ல வேலையை வேண்டாம் என்றதற்கு இவ்வளவு கொண்டாட்டமா? காரணம் இருக்கிறது.

ஜெனிலா என் கொழுந்தியாள். மஸ்கட்டில் நர்ஸ் வேலையோடு, கார் ஓட்டவும் கற்றுக்கொண்டவள். எட்டாவது படிக்கும் அவள் மகள் இங்கே எங்களோடு. இனியும் பிள்ளையைப் பிரிந்திருக்க முடியாது என்று இந்த வருட ஆரம்பத்தில் நீண்ட லீவில் வந்துவிட்டாள். நாகர்கோவிலில் பெண்களுக்கு மட்டும் ஒரு டிரைவிங் ஸ்கூல் — அதுதான் திட்டம். கார் வாங்கினாள். அனுமதி வாங்கினாள். பார்வதிபுரத்தில் போர்டு மாட்டினாள். பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்தாள்.

ஒருத்தியும் வரவில்லை.

லீவு முடிவதற்குள் பதில் சொல்லும்படி மஸ்கட்டில் கேட்கத் தொடங்கினார்கள். அம்மா திரும்பிப் போய்விடுவாளோ என்று மகள் சரியாகச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

“ஃபேஸ்புக்கில் விளம்பரம் போடுவோம்” என்றேன். ஏதோ தெரிந்தவன் மாதிரி! காரின் போட்டோவைப் போட்டு, கீழே இருந்த ‘பூஸ்ட்’ என்ற நீலப் பட்டனை அமுக்கிப் பணமும் கட்டினேன். அவ்வளவுதான்... லைக் மழை! பீகார், அஸ்ஸாம், எங்கெங்கிருந்தோ. எனக்குத் தலைகால் புரியவில்லை.

“அத்தான், அஸ்ஸாம்காரரு லைக் போட்டா, பார்வதிபுரத்துல நம்ம கார்ல யாரு ஏறுவா?” என்றாள் ஜெனிலா.

அதுவும் சரிதான்.

இரண்டு நாள் உட்கார்ந்து யூடியூபில் பாடம் கேட்டுவிட்டு வந்தாள். “ஆளப் பாக்காம ஊசி போட்டுட்டோம் அத்தான். இதுல மூணு மாடி இருக்கு, பாத்துக்கிடுங்க” என்று விளக்கினாள். முதல் மாடியில், நமக்கு என்ன வேண்டும் — லைக்கா, போனா, மெசேஜா? இரண்டாவதில், யாருக்கு, எந்த ஊரில், எந்த வயதில், என்றைக்கு, ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு? கடைசி மாடியில்தான் படமும் எழுத்தும்.

நான் நேரே மொட்டை மாடியிலிருந்து குதித்திருக்கிறேன்!

இந்த முறை ஒழுங்காகச் செய்தோம். வேண்டியது மெசேஜ். நாகர்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்கள். பெண்கள் மட்டும். எழுத்து? அது என் துறையல்லவா? ‘மகளிர் வாழ்வில் புதிய விடியல்’ என்று ஆரம்பித்தேன். ஜெனிலா அதை மொத்தமாக அழித்துவிட்டுத் தட்டினாள்: ‘கார் ஓட்டச் சொல்லித் தருவோம். திட்ட மாட்டோம்.’

மெசேஜ் கொட்டியது! ஆனால் முக்கால்வாசிப் பேரும் ஒன்றையே சொன்னார்கள்: “வீட்டுக்காரர்ட்ட கேட்டுட்டு சொல்லுகேன்.” வீட்டுக்காரர் எங்கே? துபாய், தோஹா, தம்மாம்...

ஜெனிலா நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள். “அத்தான்! ஓட்டப்போறது பொண்டாட்டி. சரின்னு சொல்ல வேண்டியவரு அங்கல்லா இருக்காரு!”

அடுத்த விளம்பரம் கடல் தாண்டியது. வளைகுடா நாடுகளில் இருக்கும் தமிழ் தெரிந்த ஆண்களுக்கு, அவர்களுக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமை பார்த்து. படம், ஷெட்டில் உறை போர்த்தி நிற்கும் ஒரு கார். எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். ‘நாகர்கோவில் பக்கமா நீங்க? லீவுல கார் வாங்கிப் போட்டுட்டுப் போயிட்டீங்க. அது ஷெட்டுல தூங்குது. வீட்டுல ஓட்ட ஆள் இருக்கே!’

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் குழம்பு ஆறிப்போனது. சாப்பிட விட்டால்தானே போன்? ஸ்பீக்கரில் ஒரு குரல்: “மேடம், நான் ஜோஸ், தோஹால இருந்து. வீடு திங்கள்சந்தை. வண்டிக்கு பேட்டரி மாத்தியே ஓஞ்சு போனேன். என் வீட்டுக்காரி லிஜாவ நாளைக்கே சேத்துக்கிடுங்க!”

பியூலா கை தட்டினாள். ஜெனிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த போனை எடுத்தாள்.

மறுநாள் லிஜா வந்தார் — கடுப்போடு! “எத்தன வருசமா நான் கேக்குகேன். ‘ரோடு மோசம், ஒனக்கு முடியாது’ன்னாவ. இப்ப போன்ல பாத்ததும் என்னமோ அவியளுக்கே தோணின மாதிரி சொல்லுகாவ!”

விளம்பரம் என்றால் ஊர் கேட்கக் கத்துவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. கேட்க வேண்டியவர் யார், அவர் எப்போது ஓய்வாக இருப்பார் என்று பார்த்து, பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசுவது. ஆனால் ஒரே வீட்டில், பக்கத்திலேயே உட்கார்ந்து ஒருத்தி சொன்னால் ஏன் காதில் ஏறுவதில்லை? பியூலா என்னைப் பார்த்துத்தான் இதைக் கேட்டாள். டீ போடுகிறேன் என்று நான் அடுக்களைக்கு நழுவிவிட்டேன்.

இப்போது காலை, மாலை இரண்டு வேளையும் வகுப்பு. காத்திருப்பவர்களுக்காக இன்னொரு கார் பார்த்துக்கொண்டிருக்கிறோம். திங்கட்கிழமை ஜெனிலா போனை வைத்ததும், மகள் தெருமுனை வரை பாடிக்கொண்டே ஸ்கூலுக்குப் போனாள்.

லிஜாவுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. போன சனிக்கிழமை லீவில் வந்த ஜோஸை அழைத்துவரத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு லிஜாவே காரை எடுத்துப் போயிருக்கிறார். திரும்பும் வழியெல்லாம், எதிரே லாரி வரும்போதெல்லாம், பக்கத்து சீட்டில் ஜோஸ் காலைத் தரையில் ஊன்றி அழுத்திக்கொண்டே வந்தாராம்.

“அங்க பிரேக் கெடையாது” என்றாராம் லிஜா. “பேசாம வெளிய பாத்துட்டு வாங்க!”