அக்காவின் மானிட்டரில் அணையாத பச்சைப் புள்ளி

இன்று காலை அக்கா ஒரு மணப்பெண்ணின் கூந்தலிலிருந்து பச்சைப் புள்ளி ஒன்றை அழிக்கப் போராடிக்கொண்டிருந்தாள்.

அழித்தாள். போகவில்லை. படத்தைப் பெரிதாக்கி அழித்தாள். அப்போதும் போகவில்லை.

"பேன் மாதிரி ஒட்டிக்கிச்சுடீ!"

நான் படத்தை மெல்ல நகர்த்தினேன். கூந்தல் நகர்ந்தது. புள்ளி அங்கேயே நின்றது!

கோளாறு புது மானிட்டரில். (அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.)

பட்டர்வொர்த் ஊரிலுள்ள ஸ்டூடியோ ஒன்று முதன்முதலாக அவளிடம் கல்யாண ஆல்பம் திருத்தக் கொடுத்திருக்கிறது. திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். இது நன்றாக வந்தால்தான் அடுத்த வேலை. படமெல்லாம் கறுப்பு முடி, கறுப்பு கோட்டு. எது படத்தின் கறை, எது திரையின் கறை என்று அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

மானிட்டரைப் பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு அதை வாங்கிய ஆயர் ஈத்தாம் கடைக்குப் போனோம்.

கடையின் கவுண்டரில் இருந்த அண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஒன்னே ஒன்னுதானா? இது ஸ்டாண்டர்டுக்குள்ள வந்துரும்லா, தங்கச்சி."

"புதுசுலாண்ணே இது!" என்றாள் அக்கா.

"கம்பெனி ரூல்மா. மூனு புள்ளி காட்டுங்க, இப்பவே மாத்தித் தர்றேன்."

திரும்பும் பஸ்ஸில் கைப்பேசியில் தேடிப் படித்தேன். உண்மைதான்! திரைகளுக்கு உலகத் தரவிதி இருக்கிறது. ஒரு புள்ளிகூடக் கெட்டிருக்கக் கூடாத வகுப்பு ஒன்று; சில புள்ளிகள் கெட்டிருந்தாலும் பரவாயில்லை என்னும் வகுப்புகள் வேறு. கெட்டுப் போவதற்குக்கூட விதியா என்று எனக்குக் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு விநோதமான வேலை. சொந்த மானிட்டர் இன்னும் கொஞ்சம் கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தேடினோம்!

திரை முழுக்கச் சிவப்பு. பிறகு நீலம். பிறகு வெள்ளை.

"இந்தா ஒன்னு! கறுப்பா இருக்கு!" அக்கா கத்தினாள். இருவரும் குதித்தோம்.

புள்ளி நடந்து போனது. (எறும்பு.)

அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். (எதையும் தேடிப் படிப்பதால் நான் அவளுக்கு 'லைப்ரரி'.) "ஏய் லைப்ரரி, கட்டை விரலால நல்லா ஒரு அமுக்கு அமுக்குனா இன்னும் ரெண்டு செத்துரும்தானே? அந்த அண்ணனுக்கு எப்படித் தெரியும்?"

திங்கட்கிழமையை நினைத்து நானும் சரி என்றேன். அமுக்குவதற்கு முன்னால் ஒரு தடவை கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. கைப்பேசிக் கேமராவின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பூதக்கண்ணாடியாக வைத்து, வெள்ளைத் திரையை ஒட்டிப் பிடித்தேன்.

வெள்ளை எங்குமே இல்லை!

சிவப்பு, பச்சை, நீலம். சிவப்பு, பச்சை, நீலம். நெல்மணியைவிடச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஓர் அணிவகுப்பைப் போல, கேமராவை எங்கே நகர்த்தினாலும்!

கணக்குப் போட்டேன். குறுக்கே 1920, நெடுக்கே 1080, ஒவ்வொன்றிலும் மூன்று. ஆறு மில்லியனுக்கும் மேல்!

திரையைக் கறுப்பாக்கினேன். அத்தனையும் ஒரே நொடியில் இருண்டன. நம் ஆள் மட்டும் பச்சையாய். பக்கத்திலிருந்த சிவப்பும் நீலமும் ஒழுங்காக அடங்கியிருந்தன. ஒரு புள்ளியில் மூன்றில் ஒரு பங்குதான் கெட்டிருக்கிறது.



"அக்கா, இங்க வா. பாரு."

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்ளோ இருக்காடீ இதுக்குள்ள?"

"ஆமா. அமுக்கட்டுமா?"

"கையை எடுடீ!"

பிறகு திரையை முறைத்தாள். படம் திருத்தும் மென்பொருளின் கருவிப்பெட்டிச் சன்னலை இழுத்து, இனி அங்கே படம் வராதபடி அந்தப் பச்சை இருந்த இடத்தில் நிறுத்தினாள். "நீ இங்கயே இரு, தொல்லை பண்ணாத."

சாயங்காலத்துக்குள் எட்டுப் படங்களை முடித்து, மாதிரிக்கு ஸ்டூடியோவுக்கு அனுப்பினாள். பதில் வந்துவிட்டது: "கிளீனா இருக்கு, மிச்சத்தையும் அனுப்புங்க."

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் திரையை ஒரு நிமிடம் முழுக்கக் கறுப்பாக்கிப் பாருங்கள். எத்தனை பேர் தூங்காமல் இருக்கிறார்கள்?

(எறும்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்!)