எனக்கு முன்னால் புறப்பட்ட பை

ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஜோகுபாளையம் முனையிலிருந்து கிருஷ்ணராஜபுரம் வரை, வயதானவன் உட்காரத் தோதான படிகள் அறுபத்தெட்டு இருக்கின்றன. எண்ணியவன் நான்தான். எல்லாம் கடைப் படிகள். கடை மூடியிருக்கும்வரைதான் அவை படிகள். திறந்துவிட்டால் பக்கெட்டும் டயரும் பெயின்ட் டப்பாவும் அவற்றின் மேல் ஏறிக்கொள்ளும். காலை பத்து மணிக்கு மேல் இன்னொரு தடவை பஸ்ஸில் போய் எண்ணிப் பார்த்தேன். மிச்சம் ஏழு. அதில் இரண்டில் நாய் படுத்திருந்தது.

இப்படி எண்ணிக்கொண்டு திரிந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பகுதியிலிருந்து ஒரு குழு ஒவ்வொரு புரட்டாசியிலும் திருப்பதிக்கு நடந்து போகிறது. போன வருஷம் நானும் சேர்ந்தேன். முதல் நாள் உச்சி வெயிலில், டின் ஃபேக்டரி சந்திப்புக்கு வருவதற்குள் என் முழங்கால்கள் இரண்டும் மக்கர் செய்துவிட்டன. உட்கார ஓர் இடம் கிடைத்திருந்தால் பத்து நிமிஷத்தில் எழுந்திருப்பேன். கிடைக்கவில்லை. நடைபாதையில் நின்றபடியே தள்ளாடியவனை, கூட வந்த சாமான் டெம்போவில் ஏற்றினார்கள். கேஸ் சிலிண்டருக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அடிவாரம் வரை என்னை யாரும் இறங்க விடவில்லை. பெருமாளைப் பார்த்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சாமானோடு சாமானாகப் போய்ப் பார்த்தேன்.

இந்த வருஷம் மறுபடி பெயர் கொடுக்கப் போனபோது குழுத் தலைவர் சிரித்தார். அவர் பெயின்டிங் காண்டிராக்டர், என்னைவிட இருபது வயது சின்னவர். மஞ்சள் துணி கட்டிவிட்டால் எல்லாரும் சாமிதான் என்பதால் நான் அவரைச் சாமி என்பேன். அவருக்கு நான் எப்போதும் சார்தான்.

"சார், முதல் நாள் ஹொசகோட்டே வரைக்கும் நீங்க நடந்துட்டா, அப்புறம் மலை வரைக்கும் நான் வாயே திறக்க மாட்டேன். நடுவுல வண்டியில ஏறிட்டீங்கன்னா, இனிமே எந்த வருஷமும் டெம்போதான். சரியா?"

சரி என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. ஹொசகோட்டே சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பினால், படிக்குப் படி உட்கார்ந்து எழுந்து போய்விடலாம். ஆனால் புறப்பாடு எப்போதும் சனிக்கிழமை, ராகு காலம் கழித்து. அதாவது பத்தரைக்கு மேல். அறுபத்தெட்டு படி ஏழாகச் சுருங்கும் நேரம் அது. மூன்று தடவை அவரிடம் போய் நேரத்தை மாற்றச் சொன்னேன். நல்ல நேரம் பெரியவர்கள் பார்த்து வைத்தது, என் முழங்காலுக்காக அதை நகர்த்த முடியாது என்றுவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பரஸ்தானம் நினைவுக்கு வந்தது.

எனக்கு ராய்ச்சூரில் முதல் வேலை கிடைத்தபோது, சேர வேண்டிய தேதி நல்ல நாளில் அமையவில்லை. அப்பா இரண்டு நாள் முன்னாலேயே நல்ல நேரம் பார்த்து, என் டிரங்குப் பெட்டியை நான் போகப்போகிற திசையில் இருந்த ஒரு வீட்டில் வைத்துவிட்டு வந்தார். பெட்டி வாசலைத் தாண்டினால் ஆள் புறப்பட்டதாகத்தான் கணக்கு. பிறகு ஆள் எந்த நேரத்தில் கிளம்பினாலும் குற்றமில்லை. அதற்குத்தான் பரஸ்தானம் என்று பெயர். அதைச் செய்தால் என்ன? வியாழக்கிழமை காலை நல்ல நேரத்தில் எல்லாருடைய பைகளும் கிழக்கே கிளம்பட்டும். சனிக்கிழமை விடியுமுன் நாங்கள் கிளம்புவோம்.

தலைவர் நம்பவில்லை. நேராகக் கோயில் அர்ச்சகரிடம் அழைத்துப்போனார். அவர் செய்யலாம் என்றார். நிபந்தனை இரண்டுதான் சொன்னார். மூன்று ராத்திரிக்குள் ஆள் பின்னாலேயே போய்விட வேண்டும். வெளியே போன சாமான் எக்காரணத்துக்காகவும் வீடு திரும்பக் கூடாது, திரும்பினால் பயணம் கலைந்ததாக அர்த்தம். தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஆபீஸ் மூளை சார் உங்களுக்கு" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

பைகளை வைக்க கிருஷ்ணராஜபுரத்தில் என் மனைவியின் தங்கை வீடு இருந்தது. இருபத்தாறு பைகள் என்றதும், தன் வீடு என்ன ரயில்வே ஸ்டேஷனா என்று போனில் அக்காவிடம் கேட்டாளாம். ஆனாலும் ஹாலில் இடம் ஒதுக்கிவிட்டாள். வியாழக்கிழமை நல்ல நேரம் தொடங்கியதும் டெம்போ கிளம்பியது. முதலில் ஏறியது என் பை. அது தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி ஜெயித்த மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை, மறுநாளைக்கு வேண்டியவற்றை எடுத்து வைத்து எண்ணினேன். பதினொன்று இருக்க வேண்டும், பத்துதான் இருந்தது. ஷூவைக் காணவில்லை. நடைக்கென்றே மகன் வாங்கித் தந்த, மெத்தென்று அடிப்பாகம் வைத்த ஷூ. முதலில் எடுத்து வைக்க வேண்டியது அதுதானே என்று, பையில் முதலில் அதைத்தான் வைத்திருக்கிறேன். வீட்டில் மிஞ்சியிருந்தது குதிகால் தேய்ந்த ஒரு ரப்பர் செருப்பு.

சட்டையை மாட்டிக்கொண்டேன். மெட்ரோவில் போய்விட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். மனைவி வாசலில் நின்றாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஷூவை எடுத்துட்டு வந்துடறேன்."

"போன சாமான் வீட்டுக்குத் திரும்பலாமா? நீங்க கண்டுபிடிச்ச சாஸ்திரம்தானே? இருபத்தஞ்சு பேர் பயணத்தையும் சேர்த்துக் கலைக்கப் போறீங்களா?"

அவள் உள்ளே போய்த் தன்னுடைய எம்.சி.ஆர். செருப்பைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். சர்க்கரை வந்த பிறகு டாக்டர் சொல்லி அவள் போட்டுக்கொள்ளும் மெத்தைச் செருப்பு. ஊதா வார், வாரின் மேல் ஒரு பூ.

"போட்டுப் பாருங்க. ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ்தான். இத்தனை வருஷமாத் தெரியாதா?"

தெரியாது. எல்லாவற்றையும் எண்ணுகிறவன், இதை மட்டும் பார்த்ததில்லை. கால் அச்சாகப் பொருந்தியது.

சனிக்கிழமை நாங்கள் கோவிந்தா சொல்லிக் கிளம்பியபோது தெரு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. படிகள் அத்தனையும் காலி, எனக்கென்றே கழுவி வைத்ததுபோல. முழங்கால் முனகத் தொடங்குமுன் உட்கார்வேன், குழு கடைசி ஆள் வரை தாண்டுமுன் எழுந்துவிடுவேன். வலி வந்த பிறகு உட்கார்வது சிகிச்சை, வருமுன் உட்கார்வது திட்டம். டின் ஃபேக்டரியில் லாரிகளுக்குப் பயந்து நின்றபோது போக்குவரத்துக் காவலர் ஒருவர் "தாத்தா, எல்லிகே?" என்று, எங்கே போகிறேன் எனக் கன்னடத்தில் கேட்டார். திருப்பதிகே என்றேன். கையை உயர்த்தி ஐந்து லாரிகளை நிறுத்திவிட்டார். போன வருஷம் என்னைத் தூக்கி ஏற்றிய இடத்தை, ஐந்து லாரிகள் காத்திருக்க, நடந்து கடந்தேன்.

மைத்துனி வீட்டில் காபி குடித்தோம். பைகளை டெம்போவில் ஏற்றும்போது தலைவரின் கண் என் காலில் விழுந்தது.

"சார், இது லேடீஸ் செருப்பாச்சே."

"ஆமா சாமி. நடக்கறது நான்தான்."

எல்லாரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது. பையைத் திறந்து ஷூவை எடுத்தேன், பார்த்தேன், திரும்ப உள்ளே வைத்தேன். நன்றாகப் போய்க்கொண்டிருப்பதை ஏன் மாற்ற வேண்டும்?

கிருஷ்ணராஜபுரத்துக்கு அப்பால் என் திட்டத்தில் படிகள் இல்லை. அங்கே சர்வீஸ் ரோடும் வெயிலும்தான். ஆனால் அதற்குள் கால்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பஸ் நிறுத்தங்களில் நான்கு தடவை உட்கார்ந்தேன். ஒரே ஒரு தடவை டெம்போ மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றது. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஹொசகோட்டேயில் தங்கும் மண்டபத்துக்குள் நுழைந்தபோது இருபத்தாறு பேரில் நான் பத்தொன்பதாவது ஆள். எனக்குப் பின்னால் ஏழு பேர் வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு தடவை எண்ணி உறுதி செய்துகொண்டேன்.

தலைவர் வாக்குத் தவறாதவர். வாயே திறக்கவில்லை. தானே வந்து என் முன்னால் இலை போட்டு, பொங்கலை இரண்டு கரண்டி வைத்து, மூன்றாவதையும் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை சாமான் ஏற்றும்போது, டெம்போ டிரைவர் பழக்க தோஷத்தில் சிலிண்டருக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே ஓர் இடம் விட்டு, "சார், ரெடி" என்றார். நான் பையிலிருந்து ஷூவை எடுத்து அந்த இடத்தில் ஜோடியாக வைத்துவிட்டு, செருப்பின் வாரை இழுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினேன்.