கம்ப்யூட்டர் சாரின் அட்டைப் பரீட்சை

ஓசியில் எது வந்தாலும் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆள் நான். கடைக்காரர் கொசுறாகப் போடும் கறிவேப்பிலையைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் பையில் போடுவேன். அப்படிப்பட்ட என்னிடம் எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் சார் வந்து, "டீச்சர், இது முழுக்க ஃப்ரீங்க, பைசா வேணாம்" என்றால் எப்படி இருக்கும்? அன்றைக்கே எனக்கு உள்ளுக்குள் மணி அடித்துவிட்டது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். காண்ட்ராக்ட்தான். ஜூன் வந்தால் புதுசாகக் கையெழுத்துப் போட வேண்டும். மைன்ஸில் மெஷின் ஓட்டும் என் வீட்டுக்காரரும் காண்ட்ராக்ட். இந்த ஊரில் பெண் கேட்டு வந்தால்கூட முதல் கேள்வி, மாப்பிள்ளை பெர்மனெண்டா என்பதுதான். அந்த வருஷம் எங்கள் பள்ளியில் ஒரே ஒருவரைப் பெர்மனெண்ட் ஆக்கப்போவதாகச் சொன்னார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை வைத்து யார் நன்றாகப் பாடம் நடத்துகிறாரோ, அவருக்கு அந்த இடம். கம்ப்யூட்டர் சாரும் காண்ட்ராக்ட். அவருக்கும் அந்த இடம் வேண்டும். அப்புறம் எதற்கு எனக்கு வலிய வந்து சொல்லிக்கொடுக்கிறார்?

அவர் காட்டியது ஒரு அட்டைப் பரீட்சை. பிள்ளைக்கு ஒரு அட்டை, அதில் கறுப்புக் கட்டமாக ஒரு கோலம். திரையில் கேள்வி வந்ததும் விடைக்கு ஏற்றபடி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நான் என் போனை வகுப்பின் குறுக்கே ஒரு தடவை காட்டினால் போதும், யார் சரி யார் தப்பு என்று திரையில் வந்துவிடும்.

"பிள்ளைங்க பேரைப் போடுங்க டீச்சர்."

"பேரு எதுக்குங்க சார்? அது யாரு கைக்குப் போவும்?"

"யாரு கைக்கும் போவாதுங்க."

"போவாதுன்னு நீங்க பாத்தீங்களா?"

சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகளின் பேருக்குப் பதிலாகக் கத்திரிக்காய், முருங்கைக்காய், பாகற்காய் என்று போட்டுவைத்தேன். வகுப்பே அமளிதுமளிப்பட்டது. "மிஸ், பாவக்காய் மறுபடியும் தப்பு!"

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பல்பு வழியாகப் போன மின்சாரம் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி போட்டேன். தீர்ந்துபோகும் என்று பாதி வகுப்பு அட்டையைத் தூக்கியது. ஏன் என்று கேட்டால், "கரி எரிஞ்சா சாம்பலாவுதுல்ல மிஸ், அது மாதிரி கரண்ட்டும் பல்புல எரிஞ்சு தீந்துடும்" என்கிறாள் முதல் பெஞ்சுக்காரி. அனல்மின் நிலையத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு எப்படித் தோன்றும்? நான் கேட்டபோதெல்லாம் 'புரிஞ்சுது மிஸ்' என்று தலையாட்டிய அதே கூட்டம்! மறுநாள் பேட்டரி, பல்பு, கம்பியோடு போய் முதலிலிருந்து நடத்தினேன்.

அந்த இடத்துக்காகக் கரஸ்பாண்டென்ட் முன்னால் நடத்த வேண்டிய மாதிரி வகுப்புக்கு முந்தின நாள் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தேன். கம்ப்யூட்டர் சாரின் லேப்டாப்பில் என் கேள்விகள். என்னைக் கண்டதும் மூடிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் அவர் போட்டுத்தந்த பாஸ்வேர்டை மாற்றினேன். என் நம்பர் அவருக்குத் தெரியும் என்பதால் ஓடிபி வருவதற்கு வீட்டுக்காரரின் நம்பரைக் கொடுத்தேன்.

"அந்தாளு பாவம், ஒனக்கு ஒத்தாச பண்ணிகினு இருக்காரு. நீ என்னா இப்பிடி சந்தேகப்பட்டுகினு கெடக்குற?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒங்களுக்கு எல்லாருமே பாவந்தான்" என்று வாயை அடைத்தேன்.

மறுநாள் கரஸ்பாண்டென்ட் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். போனில் அட்டைப் பரீட்சையைத் திறக்கிறேன், ஓடிபி கேட்கிறது. அது போய்ச் சேர்ந்ததோ வீட்டுக்காரரின் போனுக்கு. அவருக்கு அன்று ஃபர்ஸ்ட் ஷிப்ட். மெஷின் மேல் ஏறிவிட்டால் போன் பையில்தான் கிடக்கும். கூப்பிட்டேன், கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பிள்ளைகள் அட்டையை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள்.

புரொஜெக்டர் பக்கம் நின்றிருந்த கம்ப்யூட்டர் சார் தன் லேப்டாப்பை மாட்டினார். திரையில் என் கத்திரிக்காய், முருங்கைக்காய், பாகற்காய் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. தன் போனையும் என் கையில் கொடுத்தார்.

"ஒரு காப்பி எடுத்து வச்சிருந்தேங்க டீச்சர். கடைசி நேரத்துல எதாச்சும் காலை வாரிடும்னு பயம்" என்றார் மெதுவாக.

காப்பியா! என்னைக் கேட்காமலா! வகுப்பு அமோகமாக நடந்தது, கரஸ்பாண்டென்ட் கைதட்டினார், நானோ உள்ளே கொதித்துக்கொண்டிருந்தேன். காப்பாற்றுகிற சாக்கில் எல்லாம் தன் வேலை என்று காட்டிக்கொண்டுவிட்டார் என்றே அப்போது நம்பினேன்.

வருஷக் கடைசியில் எங்கள் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டார் கரஸ்பாண்டென்ட். முகமெல்லாம் சிரிப்பு.

"சார் புண்ணியத்துல அநேகமா எல்லா டீச்சரும் இதையெல்லாம் கத்துக்கிட்டாங்க. எல்லாம் ஃப்ரீ வேற. இனிமே கம்ப்யூட்டருக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்கு? ஜூன்லேர்ந்து அந்தப் பீரியடையும் நீங்களே பாத்துக்குங்க மேடம்."

"பெர்மனெண்ட்டுன்னு சொன்னீங்களே சார்?" என்றேன்.

"அது அடுத்த வருஷம் பாக்கலாம்."

வெளியே வந்தோம். இத்தனை நாள் பக்கத்து நாற்காலியையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேனே, எதிர்நாற்காலியை ஒரு நாளாவது பார்த்தேனா? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. சைக்கிள் ஸ்டாண்டு வரை அவரும் கூடவே வந்தார். அங்கே நின்றுதான் கேட்டார்.

"டீச்சர், உங்க வூட்டுக்காரர் இருக்கிற காண்ட்ராக்ட்ல ஆள் எடுக்கிறாங்களா? எந்த வேலைன்னாலும் பரவாயில்லீங்க."

கிண்டல் செய்கிறாரோ என்றுதான் அப்போதும் எனக்கு முதலில் தோன்றியது. முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.

"கேட்டுச் சொல்றேங்க சார்" என்றேன்.

தலையாட்டிவிட்டு மணி பார்த்தார். அட்டைப் பரீட்சையைக் கற்றுக்கொள்ளாமல் மிச்சமிருந்தவர் தமிழ் டீச்சர் ஒருவர்தான். அவருக்குச் சொல்லிக்கொடுக்க நேரமாகிவிட்டது என்று திரும்பி உள்ளே போனார்.