கடுக்காய்ச் சாந்துச் சுவர்

இன்று அடையாறு பஸ்ஸில், நாளைய கட்டடக்கலை வகுப்புக்காகக் குன்றின் மேலிருக்கும் ஒரு சின்ன தேவாலயத்தின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சீட் கொத்தனார் எட்டிப் பார்த்தார். "இது நாங்க பூசுன சொவரு சார்."

"சுண்ணாம்புல கடுக்காய்த் தண்ணி கலந்த போர்த்துகீசியர் காலத்துச் சாந்துங்க இது."

"அத்த கொத்தி எட்த்துட்டோம் சார். இது சிமென்ட்டு. பழசு மாதிரி தெரியணும்னு ஃபாதர் சொன்னாரு, தேங்கா நாரு வச்சி தேச்சோம்."

வருடா வருடம் மாணவர்களைக் கூட்டிப்போய், அந்தச் சுவரைத் தொடச் சொல்லிப் பாடம் நடத்துகிறேன். அதே ஃபாதர் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். டீயும் கொடுப்பார்.

போன வருடம் ஒரு மாணவி மட்டும் விடைத்தாளில் 'சிமென்ட் பூச்சு' என்று எழுதியிருந்தாள். முட்டை போட்டேன்.

அவள் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறாள். வாம்மா, கமெண்டில் வந்து திட்டிவிட்டுப் போ.