வெறும் பாறைக்கு எண்ணெய்

குற்றாலத்தில் இன்று எனக்குச் சொந்தமாக லாட்ஜ் இருக்கிறது. படித்து வந்ததல்ல, அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்த இந்தக் கையால் வந்தது. என் கைக்கு அடங்காத வலி கிடையாது என்று 1950களில் சொல்லித் திரிந்தவன் நான். அப்போதுதான் தென்காசி மர அறுப்பு மில்லின் வாட்ச்மேன் வந்தார். வலது கால் முழங்காலோடு போயிருந்தது. தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. பேசும்போதே கால் இருந்த இடத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

“பெருவிரல் கடுக்கு. அங்கன தேய்ங்க அண்ணாச்சி.”

“இல்லாத காலுக்கு எண்ணெய் எதுக்குவே?”

“கால்தான் போச்சு. வலி போவலியே.”

சிரித்துக்கொண்டே அவரைப் பாறையில் படுக்கவைத்து, அவர் காட்டிய இடத்தில் வெறும் பாறையைத் தேய்த்தேன்.

“இன்னும் கொஞ்சம் கீழ,” என்றவர் அப்படியே உறங்கிவிட்டார்.

என் கை அசந்துபோனாலும், நிறுத்தினால் விழித்துவிடுவாரோ என்று தேய்த்துக்கொண்டே இருந்தேன். எத்தனையோ உடம்பைப் பிடித்த கை இது. அன்று அது எதைப் பிடித்தது என்று மட்டும் இன்னும் எனக்குத் தெரியவில்லை.