மூன்றாம் பெஞ்சுக்காரி

நாமக்கல்லில் நான் தங்கிப் படித்த நீட் பயிற்சி மையத்தில் வாராவாரம் மதிப்பெண்படி பெஞ்சு மாறும். என் பக்கத்தில் இருந்த ஒல்லிப் பெண் மட்டும் மூன்றாம் பெஞ்சை விட்டு நகர மாட்டாள். உள்ளங்கை வியர்வையைத் துப்பட்டாவில் துடைத்தபடியே எல்லா இயற்பியல் கணக்கையும் எனக்குச் சொல்லித்தருவாள். வாரத் தேர்வில் மட்டும் சிலவற்றை வேண்டுமென்றே விட்டுவிடுவாள்.

“தெரிஞ்சதை ஏன் புள்ள விடுற? கிறுக்கா உனக்கு?” என்றேன்.

“போட்டா மொத பெஞ்சுக்குத் தூக்கிருவாங்க. அங்க ஒருக்கா உக்காந்தேன். எறங்கிருவமோங்கற பயத்துலயே படிச்சது பூராம் மறந்துபோச்சு.”

“அப்ப நெசப் பரீட்சைல?”

“எல்லாத்தையும் போடுவேன். அங்க யாரு என்னைய எடம் மாத்தப் போறாங்க?”

சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். அது பயமா, துணிச்சலா? பிறகு முதல் பெஞ்சுக்கு முட்டிமோதி ஏறிய எனக்கு இன்னும் பிடிபடவில்லை.