ஒட்டாத நீலத் தாள்

என் இரும்புப் பெட்டியில், பள்ளிச் சான்றிதழ்களுக்கு அடியில், நான்காக மடித்த ஒரு நீல கிளேஸ் பேப்பர் கிடக்கிறது. மடிப்புகள் வெளுத்துவிட்டன, மற்றபடி புத்தம் புதிது. ஒரு துளி பசை இதில் பட்டதில்லை. நாங்கள் படவிடவில்லை என்பதுதான் சரி. எட்டாம் வகுப்பில் கைத்தொழில் மிஸ் இதைக் கொடுத்து, ஒட்டச் சொன்னார். ஒட்டவில்லை. நாங்கள் என்றால் நானும் என் பக்கத்து பெஞ்சுக்காரியும். அவளைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தாளைப் பற்றிச் சொல்ல முடியாது.

அவளுடையது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பம். அவளுடைய அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. என் அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங் வேலை. பள்ளிக்குப் போக நொய்யல் பாலத்தைத் தாண்ட வேண்டும். "இன்னைக்கு என்ன கலருடி?" என்று பாலத்தில் நின்று எட்டிப் பார்ப்பது எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தினமும் ஒரு விளையாட்டு. பட்டறைகளின் சாயக் கழிவெல்லாம் ஆற்றில்தான்; மெரூன் ஓடினால் எங்கோ மெரூன் ஆர்டர். ஒரு கரையில் பச்சையும் மறு கரையில் ஊதாவும் ஓடும் நாளில் ஒரே கும்மாளம்தான். ஆறு என்றால் எல்லா ஊரிலும் இப்படித்தான் கலர் மாறும் என்றே நான் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள், பிறந்ததிலிருந்து நான் வேறு ஆறு பார்த்ததில்லை. அவள் வந்து சேர்ந்த புதிதில், "உங்க ஊரு ஆத்துல என்ன கலரு ஓடும்?" என்று அக்கறையாகக் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க ஆத்துல தண்ணி ஓடும்ட்டீ. அள்ளுனா கைரேகை தெரியும். அப்படியே குடிப்போம்" என்றாள்.

எனக்கு ஆச்சரியம் வரவில்லை, என் மேலேயே கோபம்தான் வந்தது. 'நீர் நிறமற்றது, மணமற்றது' என்று அறிவியல் வகுப்பில் மூச்சுவிடாமல் ஒப்பித்து நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியவள் நான். ஒப்பித்துவிட்டு, மாலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு அதே பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போவேன். பாடத்தில் இருக்கும் தண்ணீரும் பாலத்தடியில் ஓடும் தண்ணீரும் ஒன்றுதான் என்று எந்த வகுப்பிலும் யாரும் சொன்னதில்லை. எனக்கும் தோன்றவில்லை பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

அந்த ஆண்டு பள்ளிக் கண்காட்சிக்கு 'நமது ஊர்' என்று தலைப்பு. ஒரு கூட்டம் தெர்மாகோலில் அவிநாசிக் கோயில் கட்டியது. இன்னொரு கூட்டம் தீப்பெட்டிகளை அடுக்கிக் காதர்பேட்டைக் கடைவீதி செய்தது. எங்கள் இருவருக்கும் ஆறு. அம்மாவின் கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட்டை, வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளை, மூட்டையாக அள்ளி வந்தோம். பனியன் துணியை நாடாவாக வெட்டி இரு முனையையும் பிடித்து இழுத்தால், தானாகச் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். மெரூன், ஊதா, பச்சை, கறுப்பு என்று கயிறு கயிறாக இழுத்து, பலகையில் நெளித்து நெளித்து ஒட்டினோம். கரையோர நுரைக்கு வெள்ளை நூல் வேஸ்ட். எந்தக் கலருக்குப் பக்கத்தில் எது வரும் என்று சந்தேகம் வந்தால் பாலத்துக்கு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். புத்தகத்தைப் பார்க்காமல், கண்ணால் பார்த்து நான் செய்த முதல் பாடம் அது. அத்தனை சந்தோஷமாக அதற்கு முன்னால் எதையும் படித்ததில்லை.

மிஸ் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க கண்ணு. ஆனா ஆறு நீலமாத்தானே இருக்கோணும்? விழாவுக்கு வர்றவரே சாயப்பட்டறை மொதலாளி. மேல இந்தப் பேப்பர ஒட்டீருங்க சாமி, இல்லீன்னா உள்ள வெக்க முடியாது" என்று நீலத் தாளை நீட்டினார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அந்த முதலாளியின் பட்டறையில்தான் என் தோழியின் அப்பாவுக்கு வேலை. அது தெரிந்தும் அவள் சொன்னாள்: "நீலம் எங்கப்பா கையிலதான் இருக்கு மிஸ், முழங்கை வரைக்கும். ஆத்துல இல்ல." 'சரிங்க மிஸ்' தவிர வேறெதுவும் பேசியறியாத என் வாயிலிருந்து, "ஒட்ட மாட்டோமுங்க மிஸ்" என்று வந்தது. தாளை வாங்கி மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

விழாவன்று எங்கள் ஆற்றைச் சைக்கிள் ஸ்டாண்டுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கேதான் பிசகினார்கள். பள்ளிக்குள் நுழைகிற ஆள் எவரும் சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டித்தானே வர வேண்டும்! ஷிப்ட் முடிந்து வந்த அம்மாக்களும் அப்பாக்களும் சுற்றி நின்றார்கள். "ஏனுங்க, இது நம்ம ஆறுங்க! அட, நேத்து ஓடுன மெரூனு!" என்று ஓர் அம்மா கைகொட்டிச் சிரித்தார். என் தோழியின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கையை மறைக்க முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். "மொதலாளி வார நேரம்த்தா. ஒரு துணியப் போட்டு மூடிரு" என்று கெஞ்சினார். "மூட மாட்டேன்ப்பா" என்றாள். பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கார் வந்தது. கூட்டத்தைப் பார்த்து முதலாளி இறங்கி வந்தார். "இதென்ன கண்ணு?"

"ஆறு சார்" என்றாள் என் தோழி.

"எந்த ஆறு?"

"நீங்க தெனம் தாண்டி வார ஆறு சார்."

அவர் குனிந்து பலகையை ஒருமுறை பார்த்தார். நிமிர்ந்து உள்ளே போய்விட்டார். அவளுடைய அப்பா அதன்பிறகு செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டார். பசை விட்டுத் தொங்கிய ஒரு கயிற்றை அந்த நீலக் கையால் அழுத்திச் சரிசெய்தார். "நல்லா ஒட்டலையே தாயி" என்றார். அவ்வளவுதான். மறுநாள் வேலை இருக்குமோ இருக்காதோ என்று அவள் வீட்டில் பயந்துகொண்டே இருந்தார்கள், ஆனால் வேலை போகவில்லை. கைத்தொழிலில் எங்கள் இருவருக்கும் வகுப்பிலேயே கடைசி மதிப்பெண். போனால் போகட்டும்! என் படிப்பிலேயே நான் உழைத்து வாங்கிய மதிப்பெண் அதுதான்.

போன வாரம் என் மகள் பெட்டியைக் கிளறி இந்தத் தாளை எடுத்துவிட்டாள். அவள் பள்ளியிலும் நதி புராஜெக்ட். "அம்மா, ஆத்துக்கு இத ஒட்டிக்கட்டுமா?" என்றாள். அவளைப் பாலத்துக்குக் கூட்டிப்போனேன். கம்பியைப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். வீடு திரும்பியதும் தோழிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அந்தத் தாள இன்னுமாட்டீ வச்சிருக்க, கிறுக்கி!" என்று சிரித்தாள். பிறகு, "புள்ள என்ன சொன்னா?" என்றாள்.

"சாம்பல் கலரு பேப்பர் வாங்கித் தாம்மா" என்றுதான் என் மகள் சொல்லியிருந்தாள். அதைச் சொன்னேன். "மிஸ் திட்டுனா?" என்றாள் தோழி.

"திட்டட்டும்" என்றேன். நீலத் தாளை மறுபடி மடித்துப் பெட்டியில் வைத்தேன். ஆறு தெளிந்து அதைக் கேட்கும் நாளில் எடுத்துக் கொடுப்பேன்.